மூக்கு மேஸ்திரியும் மாப்ள மழையும்

மூக்கு மேஸ்திரிக்கு அந்தப் பெயர் மூக்கின் அளவைப் பார்த்து வைத்ததல்ல. அளவிலும் அது ஒன்றும் குறைச்சல் இல்லை, அது வேறு விஷயம். முப்பது வருடமாக ஓட்டுக்கூரை பிரித்துக் கட்டுகிற மனிதர் அவர். அந்த வேலையில் ஏறுவதும் இறங்குவதும் பெரிய கஷ்டமே இல்லை. பிரித்த கூரையை மூடுவதற்குள் மழை வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். வந்துவிட்டால் கட்டில், மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் என்று எல்லாம் ஊறிப்போய், வீட்டுக்காரர் மேஸ்திரியின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார். நம் மேஸ்திரி அப்படி ஒரு திட்டுகூட வாங்கினதில்லை. அதற்குக் காரணம் மூக்கு.

ஊருக்குத் தெற்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. வடமேற்கே, ஆற்றைத் தாண்டி, ஒரு காகித ஆலை. பிஸ்கட் வாசனை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காகித ஆலை நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம். முட்டைக்கோஸை வேகவைத்து, மறந்துபோய், ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் வருமே, அது. விடிந்ததும் மேஸ்திரி பனியனோடு பின்கதவைத் திறந்து நின்று மூன்று தரம் மூச்சை இழுப்பார். பிஸ்கட் மணத்தில் தெருவே சொக்கிக் கிடக்கும் நாளில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னிக்கு யாரும் ஓட்டுல கை வைக்கக் கூடாது" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஊரே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் நாளில் இவருக்குக் கொண்டாட்டம். "கெட்ட நாத்தம் நல்ல சேதி. நல்ல வாசனை கெட்ட சேதி. எழுதி வெச்சுக்கோ" என்பார். முப்பது வருடத்தில் ஒரு தரம்கூட அந்தக் கணக்கு பிசகினதில்லை. அந்தத் தலைக்கனம் வேறு அவருக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக.

இதற்கெல்லாம் காரணம் சொன்னவர் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள வானிலை நிலையத்தில் வேலை. காற்று, மழை, அழுத்தம் எல்லாவற்றையும் வரைபடத்தில் போடுகிற உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த கையோடு அக்காவின் தையல் சாக்கட்டியை எடுத்து, வெட்டு மேசை மேலேயே படம் போட்டுக் காட்டினார்.

"இது தாழ்வழுத்தம், மாமா. காத்து இதைச் சுத்திச் சுத்தி வரும். சுத்துற காத்துல ஒரு பக்கம் தெக்கேருந்து வர்ற சூடான காத்து, இன்னொரு பக்கம் வடக்கேருந்து வர்ற குளிர்ந்த காத்து. ரெண்டும் சேர்ற விளிம்புக்குப் பேருதான் முகப்பு. சிவப்பு அரைவட்டம் போட்டா வெப்ப முகப்பு. நீல முக்கோணம் போட்டா குளிர் முகப்பு."

"எதுக்குடா இவ்வளவு பல்லு?"

"பல்லு இல்ல மாமா, முக்கோணம். சூடான காத்து லேசு. குளிர் காத்து முதுகு மேல மெதுவா ஏறும், சரிவுல ஏறுற மாதிரி. அதனாலதான் முதல்ல உசரத்துல நூல் நூலா மேகம் வரும், சூரியனைச் சுத்தி வளையம் கட்டும், அப்புறம் வானம் மூடி ரெண்டு நாள் நசநசன்னு பெய்யும். பெஞ்சு ஓய்ஞ்சா தெக்கத்திக் காத்து, புழுக்கம். அதுக்குப் பின்னாலயே குளிர் முகப்பு வரும். குளிர் காத்து கனம் இல்லையா? தரையோட தரையா பூந்து, சூடான காத்தைக் கீழேருந்து நெம்பித் தூக்கும். தூக்கினதும் இடி, கொட்டு மழை, அரை மணி நேரம். அது போனா காத்து வடமேற்குக்குத் திரும்பிடும். அதுதான் உங்க காகித ஆலை நாத்தம். அப்புறம் ரெண்டு மூணு நாள் வானம் சுத்தமா இருக்கும்."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இதுக்கா படிக்க வெச்சாங்க? எனக்கு இது படிக்காமலே தெரியும்" என்றார். "முதல்ல வர்றது பெரியம்மா மழை. வர்றேன் வர்றேன்னு ரெண்டு நாள் முன்னாடியே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிட்டு, வந்து உக்காந்தா எழுந்திருக்காம அழுதுட்டே இருக்கும். அடுத்தது மாப்ள மழை. கதவைப் படார்னு தள்ளிட்டு வரும், ஊரைக் கூட்டிக் கத்தும், அரை மணியில காணாமப் போயிடும். நீ வந்துட்டுப் போற மாதிரி."

மச்சினனுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் அடுத்த வாரம் வானிலை நிலையத்திலேயே அந்தப் பெயர்கள் புழங்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. "ரெண்டுக்கும் நடுவுல வர்ற புழுக்க வெயிலை மட்டும் நம்பாதீங்க, மாமா. அது ஏமாத்து வெயில்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். "எனக்கேவா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். கூரைக்காரன் வீடு ஒழுகல் என்று யாராவது சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி வீட்டு மாடியறை ஒழுகியது. மழைக்காலத்தில் ஏழு பாத்திரம் வைக்க வேண்டும். எந்தப் பாத்திரம் எந்த ஒழுகலுக்கு என்பது மனைவிக்கு மனப்பாடம். பெரிய அலுமினிய அண்டா ஜன்னல் ஓரத்துக்கு, பால் சட்டி மூலைக்கு. "அடுத்த வாரம் பிரிச்சிடலாம்மா" என்று அவர் சொல்லிச் சொல்லியே ஒன்பது வருடம் ஓடிப்போனது. ஊரார் கூரைக்கு நாள் குறிக்கத்தான் அவருக்கு நேரம்.

மனைவி அந்த மாடியறையில்தான் தைக்கிறாள். பதினேழு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் மட்டும் தைத்துக்கொண்டிருந்தவள் போன வருடம் வேலையை விட்டுவிட்டு, கனத்த துணி தைக்கிற பழைய மோட்டார் மெஷின் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினாள். நாலு பேர் சேர்ந்து, அந்தக் குறுகல் படியில் முட்டி மோதித்தான் அதை மேலே ஏற்றினார்கள். இனி அதை இறக்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். ஆறு மாதம் சாக்குப்பை, பை ஜிப் என்று சில்லறை வேலையாக வந்தது. பிறகுதான் ஆற்றோரப் பூங்காவின் ராட்டினக்காரர் படியேறி வந்தார். மரக்குதிரைகள் சுற்றுகிற குடை ராட்டினத்துக்கு மேலே போடப் புதுக் கூடாரத் துணி வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, வட்டமாக, நடுவில் கம்பம் நுழைய ஒரு துவாரத்தோடு. மெழுகு ஏற்றிய கெட்டித் துணி. "நல்லா வந்தா எங்க மத்த நாலு ராட்டினத்துக்கும் நீங்கதான். மோசமா வந்தா இதோட சரி" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அவள் ராப்பகலாகத் தைத்தாள். எல்லாப் பட்டைகளும் சேர்ந்து, நடுத் துவாரத்துக்குப் பட்டி தைப்பது மட்டும் பாக்கி இருந்த சமயத்தில் பெரியம்மா மழை வந்து உட்கார்ந்தது. இரண்டு நாள். இரண்டாம் நாள் கூரையில் எட்டாவதாக ஒரு ஒழுகல் பிறந்தது. அது நேராக மெஷின் மோட்டாருக்கு மேலே. ஒரு சொட்டு உள்ளே போனதும் 'படக்' என்று நீலமாகப் பொறி பறந்தது. அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். நல்ல வேளை, மோட்டார் பிழைத்துக்கொண்டது.

"என்னங்க," என்றாள். மேஸ்திரி அந்தக் குரலைக் கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் இரண்டே தரம்தான் கேட்டிருக்கிறார். "இன்னொரு சொட்டு இந்த மெஷின் மேல விழுந்தா, மெஷினையும் என்னையும் சேர்த்து என் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுடுங்க. ஊருக்கெல்லாம் கூரை போடுறீங்க. நான் மட்டும் சட்டி எண்ணிக்கிட்டு இருக்கேன்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. "மழை கடந்து காத்து திரும்பினதும் நம்ம வீடுதான். வேற எந்த வீட்டுக்கும் போகமாட்டேன். இது சத்தியம்" என்றார்.

மறுநாள் காலை மழை ஓய்ந்திருந்தது. வெயில் அடித்தது. தெருவெல்லாம் பிஸ்கட் மணம். ஊரே துணியைக் காயப்போட்டது. மேஸ்திரி மூன்று மூச்சு இழுத்துவிட்டு, "ஏமாத்து வெயில்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். இதுவரை அவர் கணக்கு சுத்தம். அந்த நேரத்தில் மச்சினனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, குளிர் முகப்பு இன்னிக்கு நாலு மணிக்கு மேலதான் உங்க ஊரைக் கடக்கும். அதுவரைக்கும் ஓட்டுல கை வைக்காதீங்க."

"போடா, எனக்கே நாள் பாத்துச் சொல்றியா?"

பத்தரை மணிக்கு அது வந்தது. முட்டைக்கோஸ் நாற்றம். லேசாக இல்லை, கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்கு. மேஸ்திரி துள்ளி எழுந்தார். "பாத்தியா! உன் தம்பி நாலு மணிங்கிறான். என் மூக்கு பத்தரைங்குது. மாப்ள மழை இந்தப் பக்கம் வராமலே வேற வழியாப் போயிடுச்சு. கூப்பிடு ஏணியை!"

ஏணி என்பது ஆள். ஆறடி மூன்றங்குலம், மேஸ்திரியிடம் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். இருவரும் கூரை மேல் ஏறினார்கள். பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"காத்து திரும்பிடுச்சுன்னா குளிரணுமே மேஸ்திரி? இப்படி வேர்க்குது?" என்றார் ஏணி.

"வேலை செஞ்சா வேர்க்கத்தான் செய்யும். நீ செஞ்சு பாத்ததில்ல, அதான் தெரியல."

இரண்டு மணிக்கு மாடியறைக்கு மேலிருந்த ஓடெல்லாம் கீழே அடுக்காக இருந்தது. ஓட்டைத் தாங்குகிற கைமரம் ஐந்து உளுத்துப்போயிருந்தது. அதையும் கழற்றி எறிந்தார்கள். இப்போது மாடியறைக்குக் கூரை என்று எதுவும் இல்லை, வானம்தான். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்துக்கென்று மேஸ்திரியிடம் பெரிய தார்ப்பாய் இரண்டு உண்டு. இரண்டும் முந்தின வாரம் தபால் நிலையத்துக் கூரையைப் போர்த்தியவை, இன்னும் அங்கேயே கிடந்தன. காத்து திரும்பிவிட்டது, இனி தார்ப்பாய் எதற்கு என்று அவர் ஆள் அனுப்பவில்லை.

மனைவி அந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்து பட்டிக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நூல் தீர்ந்துபோயிற்று. வாங்கப் போனவள் பின்வாசலில் நின்று கொடியைப் பார்த்தாள். துணி அத்தனையும் வடக்குப் பார்த்துப் பறந்தது.

"என்னங்க! துணியெல்லாம் வடக்கே பறக்குது. அப்படின்னா காத்து இன்னும் தெக்கேருந்துதானே வருது?"

"சந்துக்குள்ள காத்து முட்டித் திரும்பும்மா. நீ தையலைப் பாரு" என்று மேலிருந்து பதில் வந்தது.

அவள் தெற்குத் தெருக் கடைக்குப் போனாள். போன வேகத்தில் நூல் வாங்காமலே திரும்பி ஓடி வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"உங்க வடமேற்குக் காத்து தெக்குத் தெருவுல பஞ்சர் ஆகி நிக்குது. போய்ப் பாத்துட்டு வாங்க!"

காகித ஆலையின் கழிவு ஏற்றிய லாரி. பின்சக்கரம் இரண்டும் போய், பத்தே கால் மணியிலிருந்து தெற்குத் தெருமுனையில் நிற்கிறதாம். டிரைவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்டாடுகிறாராம். தெற்கிலிருந்து வீசிய காற்று பிஸ்கட் மணத்தை அமுக்கிவிட்டு லாரி நாற்றத்தைச் சுமந்துகொண்டு வந்து மேஸ்திரி மூக்கில் வைத்துவிட்டது. முப்பது வருட மூக்கு ஒரு லாரிக்கு ஏமாந்தது. ஏணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் திரும்பி வடமேற்கே பார்த்தார்.

அங்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடிவானத்தில் கோடு இழுத்த மாதிரி கருநீலமாக ஒரு மேகம். அதன் விளிம்பு பிசிறில்லாமல் நேராக இருந்தது. மணி மூன்றே கால்.

மேஸ்திரி கணக்குப் போட்டார். ஓட்டைத் திரும்ப அடுக்கலாமா? எதன் மேல் அடுக்குவது, கைமரமே இல்லை. தார்ப்பாய்? தபால் நிலையம் ஊரின் மறுகோடியில். போய், அவிழ்த்து, கொண்டு வர ஒன்றரை மணி நேரம். மெஷினை இறக்கலாமா? சுவரை இடிக்க வேண்டும். அவர் ஏணிப்படியில் தடதடவென்று இறங்கி மாடியறைக்குள் வந்தார். மனைவி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வருடம் காலர் தைத்த கையை அதன் மேல் வைத்திருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றார் மேஸ்திரி. "உன் தம்பி சொன்னான், ஏணி சொன்னான், நீ சொன்ன. நான் கேக்கல. தப்பு என்னுதுதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் இந்த வாக்கியம் அந்த வாயிலிருந்து வருவது இதுவே முதல் தடவை. அதை ரசிக்க அவளுக்கு நேரமில்லை. அவள் பார்வை தரையில் மடித்துக் கிடந்த சிவப்பு வெள்ளைத் துணிக்குப் போனது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய சாமான். கிழிந்தால் இந்த ஆர்டரும் போச்சு, பின்னால் வர இருந்த நாலும் போச்சு. போடாவிட்டால் மெஷினே போச்சு.

"தூக்குங்க," என்றாள். "மேல போடுவோம்."

"உன் கூடாரத்தையா?"

"வேற யார் கூடாரம் இருக்கு இங்க? ஒரு ஆணி அடிச்சீங்கன்னா உங்க கையை உடைச்சிடுவேன். கயிறுதான்."

ஏணி ஒரு முனையைப் பிடித்தார், மேஸ்திரி ஒரு முனை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்காமலே ஓடி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கையிலும் கயிறு கொடுக்கப்பட்டது. விளிம்பில் இருந்த வளையங்களில் கயிற்றைக் கோத்து, ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், எதிர்வீட்டுக் கேட், ஓட்டு அடுக்கு என்று கிடைத்த இடத்திலெல்லாம் இழுத்துக் கட்டினார்கள். வீடு குடை பிடித்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. எல்லாம் சரி, நடுவில் துவாரம்? பட்டி தைக்காத, ஒரு ஆள் நுழைகிற துவாரம், மெஷினுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. துணியை நகர்த்தலாம் என்றால் நேரமில்லை. தெற்குக் காற்று சட்டென்று நின்றுவிட்டிருந்தது. அந்த அமைதி மேஸ்திரிக்குத் தெரியும்.

"ஏறுங்க," என்றாள் மனைவி.

வெட்டு மேசை மேல் முக்காலி, முக்காலி மேல் மேஸ்திரி. துவாரத்தின் வழியே தலையும் தோளும் வெளியே போயின. கீழே அவள் துணியின் விளிம்பை அவர் மார்போடு சேர்த்து, அளவு நாடாவாலேயே நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். பிறகு ஜன்னல் வழியாக, வெளியே சுவர் மேல் நின்ற ஏணியிடம் பெரிய அலுமினிய அண்டாவைக் கொடுத்தாள். ஏணி அதை மேஸ்திரியின் தலையில் கவிழ்த்தார். ஒன்பது வருடம் சொட்டு வாங்கிய அண்டா. அதற்கு அன்றைக்குத்தான் பதவி உயர்வு.

முதலில் தூசி வந்தது. பிறகு ஒரு குளிர், யாரோ பெட்டியைத் திறந்துவிட்ட மாதிரி தரையோடு வந்து மேலே ஏறியது. அடுத்த நிமிடம் காற்று மறுபக்கமிருந்து ஓங்கி அடித்தது. வடக்குப் பக்கம் சாய்ந்து கிடந்த கூடாரம் 'பளார்' என்று தெற்குப் பக்கம் புரண்டது. கயிறுகள் முனகின. "பிடிடா! எதிர்வீட்டுக் கேட்டைப் பிடி!" என்று கீழே கூச்சல். மழை கொட்டியது. அண்டா மேல் விழுந்த சத்தத்தில் மேஸ்திரிக்குக் காதே அடைத்துப்போயிற்று. தண்ணீர் அண்டாவிலிருந்து வழிந்து, கூடாரத்தின் பட்டைகளில் இறங்கி, முற்றத்தில் அருவியாக விழுந்தது. அவர் கழுத்தில் கொஞ்சம் இறங்கியது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "கீழ சொட்டுதா? சொட்டுதா?" என்று அண்டாவுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க! அசையாதீங்க!"

அப்போதுதான் அது வந்தது. மழை வாசனைக்கு நடுவே, மெல்லிசாக, ஈரமாக, குளிர்ச்சியாக, சாட்சாத் முட்டைக்கோஸ் நாற்றம். மேஸ்திரி அண்டாவை ஒரு கையால் தூக்கி மூக்கை நீட்டினார். லாரி இல்லை. இது ஆற்றைத் தாண்டி வந்த அசல் சரக்கு.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று குதிக்கப்போனார், முக்காலி ஆடியது, கீழேயிருந்து மனைவி இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "மணி என்னம்மா?"

"நாலு பத்து! குதிக்காம நில்லுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அரை மணி நேரத்தில் மழை ஓய்ந்தது. மேற்கே வானம் கிழிந்து வெயில் எட்டிப் பார்த்தது. மேஸ்திரி அண்டாவைக் கழற்றினார். எதிரே தெருவில், குடையை மடக்கிக்கொண்டு, ராட்டினக்காரர் நின்றுகொண்டிருந்தார். துணி எவ்வளவு தூரம் ஆயிற்று என்று பார்க்க வந்தவர். தன் புத்தம்புதுக் கூடாரம் ஒரு வீட்டு மேல் கட்டியிருப்பதையும், அதன் நடுவிலிருந்து ஒரு மனிதத் தலை நீண்டிருப்பதையும் அவர் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். 

"நான் ராட்டினத்துக்குக் கேட்டேன்," என்றார் ராட்டினக்காரர். குரலில் சிரிப்பு இல்லை. "உங்க வீட்டுக்கு இல்ல."

மனைவி படியில் இறங்கி வந்து வாய் திறப்பதற்குள் மேலிருந்து குரல் கேட்டது. தெருவே நிமிர்ந்து பார்த்தது.

"ஐயா, அவ மேல ஒரு குத்தமும் இல்லைங்க. நாலு மணி வரைக்கும் கூரையைப் பிரிக்காதேன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் என் மூக்கை நம்பிப் பிரிச்சேன். மூக்கு தெக்குத் தெருவுல நிக்கிற லாரிகிட்ட ஏமாந்துடுச்சு. அவ மெஷினைக் காப்பாத்தத்தான் இதைப் போட்டா. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. நான் எங்கயும் ஓடமுடியாது, கட்டி வெச்சிருக்கா."

யாரோ ஒருவர் 'களுக்' என்றார். பிறகு தெருவே சிரித்தது. ராட்டினக்காரர் சிரிக்காமல் மாடிக்கு ஏறிப் போனார். தையல்களுக்குக் கீழே ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். மேசை மேல் ஏறி நின்ற மேஸ்திரியின் முழங்காலைச் சுற்றிக்கூட ஒரு நடை நடந்தார். மெஷினைத் தொட்டார். கை காய்ந்திருந்தது.

"இவ்வளவு காத்துலயும் ஒரு தையல் பிரியல," என்றார் கடைசியாக. "நான் பார்க்ல கட்டிப் பாத்துத்தான் மீதி நாலையும் தர்றதா இருந்தேன். இனிமே எதுக்குப் பாக்கணும்? ஆனா ஓட்டுத் தூசி படிஞ்சிருக்கு. துவைச்சுக் குடுக்கணும்."

"துவைக்கிறவர் இதோ நிக்கிறார்," என்றாள் பின்னாலேயே ஏறி வந்த மனைவி, மேஸ்திரியின் முழங்காலைத் தட்டி.

அன்று சாயங்காலம் மேஸ்திரி முற்றத்தில் குந்தியிருந்து சிவப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையுமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஊரே நாறியது; அவர் பாட்டுப் பாடினார். மச்சினன் போன் செய்தார். "மாமா, முகப்பு இங்க எங்களைக் கடந்தப்ப நாலு இருபத்திரண்டு. அங்க எப்போ?"

"நாலு பத்து."

மச்சினன் அங்கே கணக்குப் போட்டுப் பார்த்தார். "நீங்க எட்டு கிலோமீட்டர் மேற்கே இருக்கீங்க. கணக்கு கனகச்சிதமா வருதே! எப்படி மாமா பாத்தீங்க?"

"எட்டிப் பாத்தேன்டா" என்று சொல்லி மேஸ்திரி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். மீதிக் கதையை அவள் சொல்லச் சொல்ல, மலைக்கு அந்தப் பக்கம் தம்பி சிரித்த சிரிப்பு முற்றம் வரைக்கும் கேட்டது.

அடுத்த இரண்டு நாளும் வானம் கண்ணாடி. புதுக் கைமரம், அதன் குறுக்கே புது ரீப்பர்ச் சட்டம், துடைத்து அடுக்கிய ஓடு. அந்தக் கூரையில் அவர் காட்டிய அக்கறையை வேறு எந்தக் கூரையிலும் காட்டியதில்லை என்று ஏணி இன்றைக்கும் சொல்கிறார். முடித்து இறங்கியதும் மேஸ்திரி ஆறு பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சமையலறை அலமாரியில் வைத்தார். ஏழாவதான அண்டாவை மனைவி தரவில்லை. அது மாடியறையில் ஆணியில் தொங்குகிறது, நூல்கண்டு போட்டு வைக்க.

இப்போதும் விடிந்ததும் பின்கதவு திறக்கிறது. பனியன், மூன்று மூச்சு, எல்லாம் பழையபடிதான். காகித ஆலை நாற்றம் வந்தால் முகம் மலர்கிறது. ஆனால் ஆட்களை உடனே கூப்பிடுவதில்லை. உள்ளே திரும்பி, தொண்டையைக் கனைத்து, "இந்தாம்மா, கொடியில துணி எந்தப் பக்கம் போகுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்கிறார்.

அவள் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். கொடியில் வேறு துணியே இல்லாத நாளிலும் சிவப்பு வெள்ளையில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருக்கும்; மிச்சத் துணியில் அவளே வெட்டிக் கட்டியது.

"தென்கிழக்கே பறக்குதுங்க," என்கிறாள். "நீங்க ஏறலாம்."

மேஸ்திரி ஏறுகிறார்.